அண்ணியின் சுடிதாரில் ஒட்டிய அம்புக்குறி

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு வெள்ளைச் சுடிதார் மேல்சட்டை இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதன் கீழ் மடிப்பு ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. போன பொங்கல் வரைக்கும் அந்தப் பொட்டைச் சுட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. ஏற்றுமதித் துணிக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அம்பைத் தெரியும். எங்கே கறை, எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்டப் பரிசோதகர்கள் ஒட்டுவது. அம்பு ஒட்டிய துணி கப்பல் ஏறாது. பரிசோதகராக இருந்த வருடங்களில் நானே மூட்டை மூட்டையாக ஒட்டியிருக்கிறேன், எதற்காகவும் வருந்தியதில்லை. ஆனால் இந்த ஓர் அம்பு தப்பான இடத்தில் ஒட்டப்பட்டது என்று இன்றைக்கும் யாரோடு வேண்டுமானாலும் சண்டைக்கு நிற்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆடை வடிவமைப்பும் உற்பத்தியும் படித்தேன். எங்கள் வீடு செம்பாக்கத்தில். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். அப்பா காலத்தில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. என்னைப் படிக்கவைக்க அவருக்கு வசதி இல்லாமல் இல்லை, மனசுதான் இல்லை. "துணி தைக்க இன்னாத்துக்குக் காலேஜி? மெஷினு வாங்கித் தரேன், வூட்லயே குந்திகினு தை" என்றார். நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து சேர்ந்தேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, ஒரு நிபந்தனை போட்டார். எந்தப் பரீட்சையில் ஒரு பேப்பர் போனாலும் படிப்பு அன்றோடு சரி, அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அத்தை மகன் நல்லவன்தான். எனக்கு அவனைப் பிடிக்காது.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தார். கேளம்பாக்கம் பக்கத்துக் கிராமம். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். பத்தாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவரை, அதற்கு மேல் படிக்கத் தாம்பரம் வரை போக வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மருமகளாகத் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள், அது வேறு விஷயம். அண்ணன் லாரி ஓட்டுபவன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அண்ணி வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து என் புத்தகங்களைப் புரட்டுவார். கை வைக்கும் இடத்தில் ஏன் அப்படி வளைத்து வெட்டுகிறார்கள் என்று என் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு ஒரு விதி இருந்தது. உயிருள்ள ஓர் ஆளுக்கு அளவெடுத்து ஆடை தைக்க வேண்டும், அந்த ஆளையே அழைத்து வந்து போட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்கள் ஒல்லியான தங்கைகளைத் தேடினார்கள். நான் அண்ணியைக் கேட்டேன். டேப்பைத் தோளில் வைத்ததும் முதலில் கூச்சத்தில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன யாரும் அளவெடுத்ததே இல்ல பாப்பா" என்றார். டெய்லரிடம் கொடுத்த அளவு ஜாக்கெட் அவருடைய அக்காவினுடையதாம். தாவணி போட்ட நாளிலிருந்து அதையே அளவாக வைத்துத்தான் தைத்தார்களாம். குடம் சுமந்து சுமந்து அண்ணியின் வலது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. நான் அதைச் சொன்னதும், "ஒரு பக்கம் எறங்கிகினே கீதேன்னு ஜாக்கெட்ட இழுத்து இழுத்து வுட்டுக்குவேன். என் ஒடம்புதான் கோணல்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். என்ன தைக்கட்டும் என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை, சுடிதார் என்றார். எங்கள் தெருவில் அன்றைக்குக் கல்யாணமான ஒருத்திகூடச் சுடிதார் போட்டதில்லை.

தேர்வு நாளில் அண்ணி புடவையில் பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்தார். ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த அறையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றார். இரண்டு தோளும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன, முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குப் பெருமை பொங்கியது. அது பொங்கி அடங்குவதற்குள் அந்த மஞ்சள் பொட்டைப் பார்த்துவிட்டேன். புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்துவதில்லை, பனியனுக்குக்கூட வைப்போம். காலையில் அண்ணி மடிப்பின் உள்பக்கமாகத்தான் வைத்திருக்கிறார். ஈர மஞ்சள் வெள்ளைத் துணியில் வெளிப்பக்கம் வரை ஊறிவிட்டது. "அறிவிருக்கா அண்ணி?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். மூன்று வருடம் கறையைப் பற்றிப் படித்தவள் நான், அவரை எச்சரிக்க வேண்டியவளும் நான்தான். கேட்டது அவரை. ஒரு தோழி சோப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், நல்லவேளை தடுத்தேன். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்து இன்னும் பளிச்சென்று தெரியும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஏதோ ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்ப்பவர். அண்ணியைத் திரும்பச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். "ஃபிட்டிங் பிரமாதம்மா" என்றார். பிறகு குனிந்தார். "இது ஸ்டெயின். இப்படியே விட்டா ஃபினிஷிங் மார்க் முழுசும் போயிடும், பாஸ் ஆவியான்னு என்னால சொல்ல முடியாது. கீழ ஒரு இன்ச் வெட்டிட்டு மறுபடி மடிச்சுத் தெச்சுக் கொண்டு வா. மதியம் பாக்கறேன்." நியாயமாகத்தான் பேசினார், அதை மறுக்கமாட்டேன். ஒரு அங்குலத் துணி, அரை மணி நேர வேலை. அந்தப் பக்கம் அத்தை மகன்.

கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார், கை அந்தப் பொட்டின் மேல் இருந்தது. "கல்யாணத்துப் பொடவ எல்லாத்துக்கும் உங்கம்மாதான் மஞ்ச வெச்சாங்க. இதுக்குத்தான் நானே வெச்சேன். பரவால்ல, வெட்டிக்கோ பாப்பா. உன் படிப்புதான் முக்கியம்" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. இருபத்துமூன்று வயதுக்குள் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அவருக்கு அது பழகியிருந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது, எல்லார் மேலும்தான். கத்திரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுத் தேர்வாளரிடம் போனேன்.

"சார், வெட்ட மாட்டேன். அது கறை இல்ல. இந்தத் துணிக்குச் சொந்தக்காரங்க இருக்காங்கன்னு அடையாளம்."

"கம்பெனிக்குப் போனா இப்படித்தான் பேசுவியா?" என்றார். பேசுவேன் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து அம்புக்குறியை உரித்து, அண்ணி போட்டிருந்த சட்டையிலேயே குனிந்து ஒட்டிவிட்டு, தாளில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வெளியே வந்து புடவைப் பையை நீட்டினேன். அண்ணி வாங்கவில்லை. "இருக்கட்டும், வூட்டுக்குப் போய் மாத்திக்கிறேன்" என்றார். தாம்பரத்தில் பஸ் ஏறி, செம்பாக்கத்தில் இறங்கி, தெரு முழுக்கக் கதவைத் திறந்து பார்க்கப் பார்க்க நடந்தோம். அம்பும் கூடவே வந்தது. வாசலில் அப்பா நின்றிருந்தார். "இந்த வூட்டு மருமகளா இது? பொடவைய கட்டிகினு அப்புறம் உள்ள வா" என்றார். அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "தெருவுல நின்னு பொடவ கட்ட முடியாது மாமா. நீங்க உள்ள கூப்பிடற வரைக்கும் இங்கயே நிக்கிறேன். போறவங்க வர்றவங்க பாக்கட்டும்" என்று சொல்லி வேப்பமரத்தடியில் போய் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுக் கேட்டே எங்கள் எல்லாரையும் அடக்கிவைத்தவர் அப்பா. பால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார், எதிர்வீட்டு மாடியில் நாலு தலை முளைத்தது. கால்மணி நேரம்கூட ஆகவில்லை, அப்பா அம்மாவிடம், "உள்ள வரச் சொல்லு" என்றார். அன்றைக்கு அண்ணி மாற்றிப்போட்ட சட்டையை அம்போடு அப்படியே மடித்து நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. செய்முறையில் மயிரிழையில் பாஸ். மீதி எல்லாவற்றிலும் நல்ல மார்க். அத்தை மகன் வேறு இடத்தில் பெண் எடுத்தான், நான் வேலைக்குப் போனேன். அப்பா மட்டும் அன்றைக்குப் பிறகு அண்ணியின் முகம் பார்த்துப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும், "அவள எடுத்தாரச் சொல்லு" என்பார். கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு ஊட்டிவிட்டதும் துடைத்துவிட்டதும் அண்ணி. அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார். அண்ணி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன பொங்கலுக்குச் செம்பாக்கம் போனபோது அந்தச் சட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணியின் முன்னால் பிரித்தேன். பசை காய்ந்துபோன அம்பு உதிர்ந்து தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. "இத்தயா இத்தினி வருசமா வெச்சிகினு கீற?" என்று சிரித்தார். பிறகு அம்பைப் பொறுக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து அதன் முதுகில் நசுக்கித் தடவினார். அதே எச்சில் கையோடு எழுந்து போய், கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த அப்பாவின் படத்தில், கண்ணாடி மேல், அவர் முகத்தைச் சுட்டுகிற மாதிரி ஒட்டினார். திரும்பி வந்து மீதிச் சோற்றைப் பிசைந்தார். அண்ணன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ரசம் கேட்டான்.

அம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெற்ற மகள் நான், எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இத்தனை வருடம் பரிசோதனை பார்த்த கண்ணால் சொல்கிறேன், சரியான இடத்தில்தான் ஒட்டியிருக்கிறார்.