வாளைத் தூக்கினால் விளக்கு வரும்

ஓசூருக்கு வந்த முதல் வாரம் எங்கள் வீட்டில் பால் பாதியளவுதான் கிடைத்தது. குற்றம் பசுவினுடையது அல்ல, என்னுடையது. விடிந்ததும் பால் கொண்டுவரும் முனியம்மா, சொம்பில் ஊற்றிக்கொண்டே "சாக்கா சாமி?" என்று கேட்பாள். பாலுக்கும் சாக்குப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் நானும் "சாக்கா?" என்பேன். உடனே அளவையை நிமிர்த்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். பால்காரி ஏமாற்றுகிறாள் என்று நான் முடிவுகட்டி, புகார் எழுத வாசகம்கூட யோசித்து வைத்திருந்தேன். ஏழாம் நாள் என் மனைவி கதவருகே நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவ போதுமான்னுல்லா கேக்கா. நீங்களும் தெனம் போதும்னு அனுப்பிவிட்டுட்டு, ஏமாத்துதான்னு எங்கிட்ட வந்து சொல்லுதீய." கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். கிணற்றடியில் இரண்டு நாள் நின்று அதை அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். மனுவைத் தள்ளுபடி செய்யுமுன் எதிர்க்கட்சியை விசாரிக்க வேண்டும் என்று முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாக்களுக்குக் குறிப்பெழுதிய நான், ஒரு கேள்விக்குறியை விசாரிக்காமல் ஒரு வாரக் காப்பியை இழந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து கடிதம் எழுதும் நண்பர்கள், உங்கள் ஊர் மதராஸ் ராஜ்யத்தில்தான் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆவணப்படி இருக்கிறது. என் மருமகன் இங்கே கால்நடை வைத்தியர். ஓய்வுபெற்ற மாமனாரையும் தம் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மார்கழியில் கழுத்துக்கு மப்ளர் சுற்றாமல் வெளியே தலைகாட்ட முடியாது. கடைக்காரர் விலையைத் தெலுங்கில் சொல்வார், பேரத்தைக் கன்னடத்தில் முடிப்பார், மிச்சச் சில்லறை கேட்டால் தமிழ் தெரியாததுபோலப் பார்ப்பார். நம் பக்கத்திலிருந்து தாலுகா அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாற்றலாகி வந்த நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை கூடி, மாற்றலாகிப் போவது எப்படி என்று பேசிக்கொள்வோம். விண்ணப்பத்தின் எந்தப் பத்தியில் எந்தக் காரணத்தை வைப்பது என்று நான் சொல்லித் தருவேன். இந்த ஊரில் எனக்கிருந்த உபயோகம் அவ்வளவுதான், கோமளம் அம்மாளின் நாடகக் கம்பெனி வரும்வரை.

கோமளம் அம்மாள் மதுரைப் பக்கத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியும் இளவரசி வேஷம் கட்டுபவர், கம்பெனிக்கும் அவரே முதலாளி. ஊர் ஊராகப் புராண நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர்களைச் சினிமா விரட்டிவிட்டது. அதனால் அந்தச் சினிமாவையே மேடைக்கு இழுத்துவந்தார். குயவன் வீட்டில் வளரும் ராஜகுமாரி, அவளைத் தேடிவரும் ராஜகுமாரன், வாளும் மீசையுமாக ஒரு மந்திரி என்று டூரிங் கொட்டகைகளில் ஓடோ ஓடென்று ஓடிய படத்தை, பாட்டுகளோடு நாடகமாக்கியிருந்தார். தாலுகா அலுவலகத்தில் யாரோ கைகாட்டிவிட, லைசென்ஸுக்கு விண்ணப்பம் எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்தார். எழுதினேன். நாடகப் பிரதி இரண்டு, கொட்டகைக்குச் சுகாதார அதிகாரியின் சான்று, போலீஸுக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், இடைவேளை ஒன்று மட்டும், அதுவும் பதினைந்து நிமிஷத்துக்கு மிகாமல். கடைசி நிபந்தனையை யாரும் கேட்கவில்லை. கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதிவிடுவது என் பழைய வழக்கம்.

"அய்யா, ரெண்டாம் நாள் ஆட்டத்துக்குக் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக் குத்தகைக்காரர் வர்றாரு" என்றார் கோமளம் அம்மாள். "கிருஷ்ணகிரியில கொட்டகை அவரோடதுதான். அவருக்குப் பிடிச்சா இந்த வருசம் பூராவும் அங்கன ஆடுவோம். பிடிக்கலைன்னா கம்பெனி கலைஞ்சுச்சு. பதினாறு பேரும் மெட்ராஸுக்குப் போயி ஸ்டூடியோ வாசல்ல கூட்டத்துல கோவிந்தா போட நிக்க வேண்டியதுதான்." குளிரை உத்தேசித்து ஆட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கே தொடங்கும்படி யோசனை சொன்னேன். முதல் நாள் தலைமை வகிக்கவும் ஒப்புக்கொண்டேன். தலைமை என்றால் முன்வரிசையில் கைவைத்த நாற்காலி ஒன்று.

நம் ஊர் நாடக ரசிகரை உங்களுக்குத் தெரியும். அவர் கைதட்டமாட்டார். பாட்டு சரியாக இருந்தால் அசையாமல் இருப்பார், தவறினால் ஒரு செருமல். அந்தச் செருமலுக்குப் பயந்து பாகவதர்கள் கம்பெனி மாறியிருக்கிறார்கள். ஓசூர் ரசிகர் அந்த ஜாதியே இல்லை. திரை ஏறிய நிமிஷத்திலிருந்து மேடையில் இருப்பவர்களோடு குடும்பம் நடத்துகிறார். ராஜகுமாரியை எச்சரிப்பது தெலுங்கில், மந்திரியை வைவது கன்னடத்தில், முன் வரிசைக்காரனை உட்காரச் சொல்வது தமிழில். படத்தில் ராஜகுமாரன் வெள்ளைக் குதிரையில் வருவானாம். மேடையில் நடந்து வந்தான். கொட்டகை முழுக்க "குர்ரம் ஏதி?" என்று கேட்டது. குர்ரம் என்றால் குதிரை. அது விளங்காத ராஜகுமாரன், தன் அழகைத்தான் புகழ்கிறார்கள் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கெட்ட சிரிப்பு இல்லை. ஆட்டம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் மந்திரி வாளைத் தூக்கினார். மந்திரியாக நடித்த வேலாயுதம் ஆறடி ஆள். ராஜகுமாரனை மண்டியிட வைத்து, வாளைத் தலைக்குமேல் ஓங்கி, "இந்த வாள் இனி உறைக்குள் போகாது" என்று கர்ஜித்தார். அந்த வார்த்தை முடிந்ததுதான் தாமதம், மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். சத்தம் இல்லை, கோபம் இல்லை. கோயிலில் தீபாராதனை முடிந்ததும் எழுவது போல எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போனார்கள். மணலில் துண்டுகளும், ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையும்தான் மிச்சம். துண்டையும் பிள்ளையையும்கூட எடுக்காமல் ஓடும் அளவுக்கு ஆட்டம் மோசமா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஓங்கிய வாளோடு வேலாயுதம் நின்றார். எவ்வளவு நேரம்தான் நிற்பார். திரையை இறக்கினார்கள். ஆர்மோனியக்காரர் மங்களம் பாடி முடித்தார். ஆறுதல் சொல்ல நான் மேடைக்குப் பின்னால் போனேன். அப்படியே பின்வாசல் வழியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் விடியும்போதே கோமளம் அம்மாள் வாசலில் நின்றார். "லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கணும்னா என்ன மனு எழுதணும்யா? குத்தகைக்காரர் வந்து இந்த அசிங்கத்தைப் பாக்க வேண்டாம். இன்னைக்கே பிரிச்சுட்டுப் போயிர்றோம்." அதற்கு அச்சிட்ட படிவம் கிடையாது. படிவம் இல்லாத மனுவை எழுதுவதில் ஒரு தனி உற்சாகம் உண்டு. கூச்சமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பெண்மணியின் வாழ்க்கை கலைகிற நேரத்தில் நான் பேனாவுக்கு மை போட்டு, முதல் வாக்கியத்தை ரசித்து ரசித்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முனியம்மா பால் கொண்டுவந்தாள்.

"ஏஞ் சாமி, நேத்து ஆட்டத்த ஏன் அவ்ளோ சுருக்கா முடிச்சுட்டாங்க?" என்றாள்.

கோமளம் அம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாங்க எங்க முடிச்சோம்? நீங்கதானே கூண்டோட எந்திரிச்சுப் போனீக."

"போனா? திரும்பி வரமாட்டமா? துண்டு போட்டுட்டுத்தானே போனோம். எம் பேத்திய அங்கயே தூங்க உட்டுட்டுப் போயிருக்கறேன். பீடி, போண்டா முடிச்சுட்டு வந்து பாத்தா மங்களம் பாடி வெளக்க அணைச்சுட்டாங்க. இருட்டுல துண்டையும் பிள்ளையையும் தடவி எடுத்துட்டுப் போனோம். டூரிங் கொட்டாய்க்காரன்கூட இப்பிடி மோசம் பண்ணமாட்டான்."

"வாள் ஓங்கற நேரத்துல எதுக்கு பீடி குடிக்கப் போனீங்க?" என்று நான் கேட்டேன்.

விதிமுறை தெரியாத புதுக் குமாஸ்தாவை நான் பார்ப்பேனே, அதே பார்வை பார்த்தாள் முனியம்மா. "வாள தூக்குனா வெளக்கு வரும் சாமி. ரீல் மாத்துவாங்க. அங்க ஒண்ணு, அவன் ஆத்துல குதிக்கறப்ப ஒண்ணு, ராஜா மச்சத்த பாக்கறப்ப ஒண்ணு. மூணு வாட்டி அந்தப் படம் வந்துச்சு, மூணு வாட்டியும் அப்பிடித்தான். இதுகூடத் தெரியாதா?"

டூரிங் கொட்டகையில் ஒரே மிஷின். சுருள் தீர்ந்தால் படம் நிற்கும், விளக்கு எரியும், போண்டாக்காரன் உள்ளே வருவான். ஓசூர் ஜனங்களுக்கு அந்த நிறுத்தமும் கதையில் ஒரு கட்டம். மந்திரி வாளை ஓங்குவார், ஊர் வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வரும், அதன்பிறகே வாள் இறங்கும். இவர்கள் எழுந்தது அவமதிப்பு அல்ல, ஒழுங்கு. என் மனைவி உள்ளிருந்து சொன்னாள்: "முப்பத்தாறு வருசம் விசாரணை நடத்தினவுக, துண்டு கெடக்கே, பிள்ளை கெடக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

மனுவைக் கிழித்தேன். கோமளம் அம்மாள் நம்பமாட்டாமல் முனியம்மாவிடம் மூன்று இடங்களையும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அடுத்த கணமே முகம் வாடியது. "இடைவேளை ஒண்ணுதான்னு உத்தரவுல இருக்கேய்யா. போலீஸ்காரர் வாசல்லயே நிக்கிறாரே." நான் வலியப்போய் எழுதிய நிபந்தனை. உத்தரவை இரண்டு முறை வாசித்தேன். இடைவேளைக்குத்தான் வரம்பு இருந்தது. காட்சி மாற்றத்துக்காகத் திரை இறக்குவதைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு நாடகத்தில் எத்தனை காட்சிகளும் மாறலாம், மாற எவ்வளவு நேரமும் ஆகலாம். திரை இறங்கியிருக்கும்போது ஜனங்கள் எழுந்து பீடி பிடித்தால், அது அவர்களுடைய சொந்த விஷயம். சாயங்காலம் போலீஸ்காரரிடம் இதை விளக்கினேன். அவர் பாதியிலேயே போண்டா வாங்கப் போய்விட்டார்.

அன்று குத்தகைக்காரர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மாட்டின் பல்லைப் பார்ப்பது போலவே நாடகத்தையும் பார்த்தார். ராஜகுமாரன் நடந்து வந்தான், "குர்ரம் ஏதி?" என்றது கூட்டம். இந்தத் தடவை அவன் திரும்பி நின்று, பகலில் யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்த தெலுங்கில், குதிரைக்குச் சூளகிரி மேட்டில் மூச்சு வாங்கிவிட்டது, பின்னால் பஸ்ஸில் வருகிறது என்றான். கொட்டகை குலுங்கியது. அனுமதிக்கப்பட்ட பிரதியில் இல்லாத வசனம் அது. பழக்க தோஷத்தில் குறித்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மந்திரி வாளைத் தூக்கினார். "இனி உறைக்குள் போகாது" என்ற வார்த்தையோடு திரை இறங்கியது, பெட்ரோமாக்ஸ் எரிந்தது. ஜனங்கள் துண்டைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். குத்தகைக்காரரும் எழுந்தார். ஐந்து நிமிஷத்தில், யாரும் கூப்பிடாமல், அவரவர் துண்டுக்கு அவரவர் திரும்பினார்கள். குத்தகைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரை ஏறியது. வேலாயுதம் அதே இடத்தில், அதே கோலத்தில், ஓங்கிய வாளோடு நின்றார். ரீல் மாற்றி வந்ததுபோல ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அப்போது எழுந்த ஆரவாரத்தை நான் தைப்பூசத் தேரிலும் கேட்டதில்லை.

பிறகு சிறைக்கதவின் வெளியே நின்று கோமளம் அம்மாள் பாடினார். முதல் நாள் கூட்டம் கேட்காமலே போன பாட்டு. இந்த ஊர் பார்த்தது படத்தின் தெலுங்குப் பிரதி. அம்மாள் பாடியது தமிழில். சினிமாவின் மெல்லிய குரல் அல்ல, கொட்டகையின் கடைசி மூங்கில்வரை போய் முட்டிவிட்டு வரும் குரல். இரண்டாவது அடியிலிருந்து கூட்டம் தெலுங்கில் சேர்ந்து பாடியது. இரு மொழியும் ஒரே மெட்டில் தோளோடு தோள் உரசி நடந்தன. ஒன்ஸ்மோர் கேட்டார்கள், பாடினார். மறுபடி கேட்டார்கள், பாடினார். மூன்றாம் முறை முடித்து நெஞ்சில் கைவைத்து, சிரித்துக்கொண்டே "போதுமா?" என்று கேட்டார். முனியம்மா இருந்த பக்கத்திலிருந்து தொடங்கிக் கொட்டகை முழுக்க ஒரே குரல்: "சாலது, சாலது."

அம்மாளுக்கு விளங்கவில்லை. ஏதோ வசவு என்று எண்ணி ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அவரும் விழித்தார். எனக்கு விளங்கியது. சாலும், சாலாது. போதும், போதாது. பள்ளிக்கூடத்தில் செய்யுளும் உரையுமாக மனப்பாடம் செய்த சொல், பரீட்சைத்தாளுக்கு வெளியே நான் ஒருநாளும் கேட்காத சொல். கன்னடத்திலும் தெலுங்கிலும் அது செத்துப்போகவில்லை. பால் வாங்கவும் பாட்டுக் கேட்கவும் இவர்கள் தினம் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டங்களில் கையெழுத்துப் போட்டதைத் தவிர வாய் திறந்திராத நான், நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினேன்: "போதாதாம்மா. பாடுங்க." அவர் நான்காம் முறை பாடினார். நானும் பாடினேன், எந்த மொழியில் என்று நினைவில்லை.

ஆட்டம் முடிந்ததும் குத்தகைக்காரர் கோமளம் அம்மாளிடம் சொன்னார்: "எங்க கிருஷ்ணகிரியில இந்தப் படம் ரெண்டு மிஷின்ல நிக்காம ஓடுச்சுங்க. அங்க சனம் எந்திரிக்காது. ஆனா அந்த வாள் நிக்கற எடத்துல நீங்க நிறுத்தணும். அத எடுத்துட்டா ஆட்டமே எனக்கு வேணாம்." கம்பெனி அந்த வருஷம் முழுக்கக் கிருஷ்ணகிரியில் ஆடியது, பதினாறு பேரும் சேர்ந்தே. போன மாதம் போச்சம்பள்ளியிலிருந்து அம்மாள் கார்டு போட்டிருந்தார். அங்கேயும் வாளைத் தூக்கினால் ஊர் எழுந்து போய்த் திரும்பி வருகிறதாம். இவர்களே பழக்கிவிட்டார்களாம்.

இப்போதெல்லாம் முனியம்மா "சாக்கா?" என்றால் நான் "சாலது" என்கிறேன். சொம்பு நிறைகிறது. தை மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி வந்திருந்தேன். உங்களில் சிலர் அந்தப் பந்தியில் இருந்திருப்பீர்கள். பாயசக்காரர் கொஞ்சம் ஊற்றிவிட்டு "போதுமாண்ணாச்சி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டி, வாய்நிறைய "சாலது" என்றேன். அவர் என் தலையாட்டலை மட்டும் போதும் என்று படித்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அடுத்த வரிசையில் என் மனைவி இலைமேல் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பாயசக்காரரைக் கூப்பிட நான் தூக்கிய கை, பாதியிலேயே, இலைக்கு மேலே, ரீல் மாற்றக் காத்திருக்கும் மந்திரியின் வாள் போல நின்றது.