மரை நின்ற இடம்

கேதீஸ்வரனை அவர் வேலை பார்த்த ட்ராம் பட்டறையில் யாரும் முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. கீத் என்றார்கள். அவரும் திருத்தவில்லை. அதற்கு மேல் நீண்டால் வெள்ளைக்காரனுக்கு மூச்சு வாங்கும் என்று சொல்லிச் சிரிப்பார். கொக்குவிலில் பிறந்து, பிட்டர் வேலை பழகி, எழுபத்துமூன்றில் மெல்பர்னுக்கு வந்தவர். திருவல்லிக்கேணியிலிருந்து அவருக்கு இரண்டு வருஷம் பின்னால் வந்த நான், கோபர்க்கில் அவர் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன்.

அவருடைய காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு ட்ராம் வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே எந்தச் சக்கரத்தின் பேரிங் போகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காகத்தான் போர்மன் லெஸ் அவரைத் தன் மான் வேட்டைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். அவர்கள் நாய்களை விட்டு வேட்டையாடுகிறவர்கள். நாய்கள் மலைக்கு அந்தப்புறம் குரைத்துக்கொண்டே மானைத் துரத்தும். எந்த நாய் முன்னால் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இந்தப்புறம் நின்றபடியே சொல்ல ஓர் ஆள் வேண்டும். கேதீஸ் அதைப் பெயர் பெயராகச் சொல்வார்.

நான் குடிவந்த முதல் வாரம் அவர் தொலைபேசியில், சனிக்கிழமை சாம்பருக்கு நிச்சயம் வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் விடுதியில் ரொட்டியும் ஜாமும் தின்று நாக்கு செத்துக் கிடந்தவன் நான். யாரோ தமிழர் வீட்டில் விருந்து என்று நினைத்து, "நானும் வர்றேன் அண்ணே" என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன். கடமானைத்தான் வெள்ளைக்காரன் சாம்பர் என்கிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் மனைவி பாமா அக்கா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அதற்கு மரை என்று பெயர். நூறு வருஷத்துக்கு முன் இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்த மலைகளில் விட்டார்கள் என்று லெஸ் சொல்வார். "உன் ஊர்க்காரன்தான், கீத்" என்று முதுகில் தட்டுவார். வேடிக்கை என்னவென்றால், கேதீஸ் மரை இறைச்சி வத்தலைத் தின்றிருக்கிறாரே தவிர மரையைப் பார்த்ததில்லை. மூன்று குளிர்காலம் கூட்டத்தோடு அலைந்தும் பார்க்கவில்லை. அவர் நாய்களோடு கீழே நிற்பார். மேலே எங்கோ வெடிச் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் அது விழுந்து கிடக்கும்.

எழுபத்தாறு ஜூலையில் ஒரு நாள் லெஸ் அவரைக் கூப்பிட்டு, இந்தச் சனிக்கிழமை மேட்டுக் கணவாயில் நீ நில் என்றார். துரத்தப்பட்ட மான் கடைசியில் வந்து சேரும் இடம் அது. அந்த இடத்துக்கு லெஸ்ஸிடம் ஒரு சட்டம் உண்டு. அங்கே நிற்பவன் எதிரில் வந்த மானைச் சுடாமல் விட்டால், அடுத்த வாரம் அவன் வாசலில் லெஸ்ஸின் வண்டி நிற்காது. ஆறு பேரும் பத்து நாய்களும் நாளெல்லாம் பாடுபட்டு ஒருவன் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அவன் கோட்டைவிட்டால் அது எல்லாருக்கும் செய்த துரோகம் என்பார். போன வருஷம் டாண்டினாங்கிலிருந்து வந்த ஒருவன் அங்கே தூங்கிப்போனான். அதற்குப் பிறகு அவன் பெயரைக்கூட யாரும் எடுத்ததில்லை.

கேதீசுக்கு இந்த ஊரில் அந்த ஆறு பேரை விட்டால் வேறு கூட்டமில்லை. வாரம் ஐந்து நாளும் பட்டறையில் யெஸ், நோ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிற மனிதர், சனிக்கிழமை அவர்கள் நடுவில்தான் வாய்விட்டுச் சிரிப்பார். அதை இழந்தால் அவர் உடைந்துபோவார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் பாமா அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தரித்து இரண்டும் தங்கவில்லை. (மூன்றாவது தங்கியது. இப்போது மூன்று வயது. போன வாரம்தான் என் மூக்குக்கண்ணாடியை உடைத்தாள்.)

"வீட்டிலை பிள்ளைத்தாச்சி இருக்கேக்கை புருஷன் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது. போறதெண்டாப் போங்கோ. வெடி மட்டும் வைக்கக்கூடாது" என்று அக்கா சொல்லிவிட்டார். கேதீஸ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பெயரிலேயே சத்தியத்தை வைத்திருக்கும் சத்தியபாமாவுக்கு அது போதவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நீங்களும் கூடப் போங்கோ. இவர் துவக்கைத் தூக்கினா ஒரு இருமல் இருமுங்கோ. மரை ஓடிடும்" என்றார். ஒரு சைவ உணவுக்காரன் வேட்டைக்குப் போன கதை இதுதான்.

வார்பர்ட்டனைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது பொழுது விடிந்தது. ஒரு வளைவில் லெஸ் சட்டென்று வண்டியை நிறுத்தினார். எதிரே பாதையைக் காணோம். எல்லாம் வெள்ளை. இருபத்திரண்டு வருஷமாக ஸ்னோ இவ்வளவு கீழே இறங்கிப் பார்த்ததில்லை என்றார் லெஸ், தேவாலயத்துக்குள் பேசுகிற குரலில்.

மார்கழியில் புல்லில் இருப்பதும் பனி, இதுவும் பனி என்கிறது தமிழ். எனக்குத் தமிழ் மீதே கோபம் வந்தது. முந்நூறு அடி உயர யூகலிப்டஸ் மரங்கள், குடை விரித்த பெரணி மரங்கள், வேலிக்கம்பி, செத்துக் கிடந்த கட்டை, எதையும் விடாமல் மூடியிருந்தது. சத்தம் என்று ஒன்றுமில்லை. கேதீஸ் வண்டியிலிருந்து இறங்கி நாலடி நடந்தார், திரும்பித் தன் காலடித் தடத்தைப் பார்த்தார், குனிந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நாற்பது வயது மனிதர். பல் கூசிக் கண்ணில் நீர் வர, "என்ன சாமான் இது, நரசிம்மன்!" என்று கத்தினார். அவருடைய காதுக்கு இவ்வளவு அமைதி புதிது. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த அமைதியையே கேட்டுக்கொண்டிருந்தார்.

கணவாய்க்கு ஏற ஒரு மணி நேரமாயிற்று. ஒரு பெரிய மரத்தின் அடியில் நின்றோம். அவர் தோளில் அந்தத் துவக்கு, பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பாமா அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் நாய்களின் குரல் எழுந்தது. கேதீசின் முகமே மாறிப்போயிற்று. "அது பெல், முன்னுக்கு. ட்ரம்மர் ஆத்துப் பக்கம் போயிட்டான், பிழையாப் போறான். ஆ, திரும்பீட்டான்!" என்று ரகசியக் குரலில் வரிசையாகச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே குரைப்பு. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, அந்த வெள்ளை மலைக்குப் பின்னால் நடப்பது முழுவதும் கண்ணில் தெரிந்தது. வேட்டை என்றால் ரத்தம் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்காகத்தானா இந்த மனிதர் வாராவாரம் ஓடி வருகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு அவர் திரும்பினார். "நரசிம்மன், வந்தா நான் வெடி வைப்பன். பாமாட்டை நான் பிறகு கதைக்கிறன். இவங்களை இழக்க என்னாலை ஏலாது. நீர் இருமாதையும்."

"அண்ணே, சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"பண்ணினனான்தான்" என்றார். துப்பாக்கியின் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டார். நான் தொண்டையைத் தயார் செய்துகொண்டேன். அவர் என்ன திட்டினாலும் இருமிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அது வந்த சத்தமே கேட்கவில்லை. அந்தக் காதுக்கே கேட்கவில்லை. பெரணிகளுக்கு நடுவே ஏதோ கறுப்பாக இருந்தது. அடுத்த கணம் அது பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றது. மரை. ஒரு மாடு அளவு இருக்கும். உடம்பு முழுக்க ஈரம். முதுகிலிருந்து ஆவி எழுந்து மேலே போனது. கொம்புக் கவட்டில் கொஞ்சம் பனி தங்கியிருந்தது. கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது. காதுகளைப் பின்னால் திருப்பி நாய்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது, கேதீஸ் கேட்டது போலவே. எங்களை அது பார்த்தது. கறுத்த, ஈரமான கண். முன்கால் ஒன்றைத் தூக்கி ஒருமுறை தரையில் அடித்தது. அந்த அடி என் உள்ளங்காலில் தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நான் மூச்சு விட்டேனா என்றே தெரியாது. அதன் மேலிருந்த கிளையிலிருந்து பனி சொரிந்து அதன் முதுகில் விழுந்தது. தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. பிறகு அது அவசரமே இல்லாமல் திரும்பி, சரிவில் இறங்கி, வெள்ளைக்குள் போய்விட்டது.

சிறிது நேரத்தில் நாய்கள் எங்களைத் தாண்டி ஓடின. கேதீஸ் என் பக்கம் திரும்பினார்.

"இருமினீரோ?"

"இல்லையே."

"ஏன் இருமேல்லை?"

"மறந்துட்டேன் அண்ணே. நீங்க ஏன் சுடலை?"

அவர் துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார். அது இடுப்புக்கு மேல் உயரவே இல்லை. "நானும் மறந்துபோனன். பாமாவும் ஞாபகம் வரேல்லை, லெஸ்ஸும் ஞாபகம் வரேல்லை" என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கும்தான்.

கீழே லெஸ் ஏறி வருவது தெரிந்தது. "இந்தப் பக்கம் வரலைன்னு சொல்லிடலாம்" என்றேன். சொல்லும்போதே தரையைப் பார்த்தேன். மற்ற நாளென்றால் சொல்லியிருக்கலாம். அன்று பனி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. வந்த தடம், நின்ற தடம், கால் அடித்த பள்ளம். நான் பூட்ஸால் அதைக் கலைக்கப் போனேன். கேதீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காதையும். என்ன நடந்தாலும் நடக்கட்டும்."

லெஸ் வந்தார். மரையின் தடத்தைப் பார்த்தார், எங்கள் தடத்தைப் பார்த்தார், இடையிலிருந்த தூரத்தைப் பார்த்தார். முகம் இறுகியது. "நின்றதா?" என்றார்.

"நின்றது. சுட மறந்துவிட்டேன், லெஸ்" என்றார் கேதீஸ்.

லெஸ், கேதீஸ் நின்ற காலடித் தடங்களுக்குள் தன் பூட்ஸை வைத்து ஏறி நின்று, எதிரே இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"நாற்பத்தொன்று சுட்டிருக்கிறேன், கீத். ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. எப்படி இருந்தது?"

கேதீஸ் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலம் கைவிட்டது. அது தெரியாமலே தமிழில் தொடர்ந்தார். ஆவி, கொம்புப் பனி, காது, கண் என்று கையையும் தோளையும் ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். லெஸ் என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

சொல்லி முடித்தபோது கீழே பள்ளத்திலிருந்து மற்றவர்கள் கத்தினார்கள். "கீத் பக்கம் வந்ததா?"

கேதீஸ் தலை குனிந்து நின்றார். முப்பது வருஷத்தில் ஒரு மானைப் பற்றியும் பொய் சொல்லியிராத லெஸ், கையை வாயருகே குவித்துக்கொண்டு, "இல்லை, கிட்டே வரவில்லை" என்று திருப்பிக் கத்தினார். பிறகு அவர்கள் ஏறி வருவதற்குள், பூட்ஸை இழுத்து இழுத்து அந்தத் தடங்களை மிதித்துக் கலைக்கத் தொடங்கினார். நாங்களும் சேர்ந்து மிதித்தோம்.