மனசுப் பெட்டியில் ஒரு சிவப்பு டிக்

பிள்ளைகளுக்கு மனசைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேரள எல்லையில் பாறசாலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதில் தமிழ் டிவிஷனில் ஆறாம் வகுப்பு என்னுடையது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் உண்டு. உள்ள பாடத்தையே முடிக்க நேரமில்லை, இதில் மனசு வேறா என்று ஸ்டாஃப் ரூமில் சத்தமாகவே கேட்டேன். நான் சத்தம் போட்டால் அங்கே யாரும் பதில் சொல்வதில்லை.

நெய்யாற்றின்கரையில் இரண்டு நாள் பயிற்சி. தடிமனாக ஒரு மலையாளக் கையேடு கொடுத்தார்கள். தமிழில் ஆக்கிக்கொள்வது நம் பாடு. "கண்ணை மூடுங்க, உங்களுக்குள்ள இப்போ என்ன தோணுதுன்னு பாருங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர். மூடிப் பார்த்தேன். பசி தவிர ஒன்றும் தோன்றவில்லை.

வகுப்பில் இரண்டு காரியம் செய்யச் சொன்னார்கள். ஒன்று, காலையில் முகம் வரைந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, இன்றைக்கு எப்படி இருக்கிறோம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வது. டீச்சரும் சொல்ல வேண்டும். நான் எப்போதும் சிரிக்கிற அட்டையை எடுத்து, "நல்லா இருக்கேன், அடுத்த ஆள்" என்பேன். மற்றது மனசுப் பெட்டி. மூடியில் கீறல் போட்டுப் பூட்டு மாட்டிய தகர டப்பா. மனசில் கிடப்பதைப் பேர் எழுதாமல் ஒரு தாளில் எழுதி உள்ளே போடலாம். வெள்ளிக்கிழமை வருகிற கவுன்சிலர் மட்டும்தான் திறந்து வாசிப்பாள். டீச்சர் தொடக்கூடாது. இதை நானே என் வாயால் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

கவுன்சிலர் சின்னப் பிள்ளை, பனச்சமூட்டில் பஸ் மாறி வருகிறவள். சாவியைத் தானே எங்கேயாவது தொலைத்துவிடுவோமோ என்று பயந்து என் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு புதன்கிழமை மூன்று பிள்ளைகள் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பதும் சிரிப்பதுமாக எழுதிப் பெட்டியில் போட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் வகுப்பு மொத்தத்தையும் வாங்கு வாங்கு என்று வாங்கியிருந்தேன். இத்தனை வருஷத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. கடைசிக் காலத்தில் இதுகள் ஏதாவது எழுதி வைத்துத் தொலைத்தால்? மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும், பரீட்சைப் பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

என்னைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் எடுக்கிறார்கள், ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும், பயறில் உப்பு இல்லை. இவ்வளவுதான். நிம்மதியாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஒரு தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. "ஸ்கூல் விட்டுப் போனா வீட்டுல யாரும் இல்ல. அம்மைக்குப் பூவார் ரிசார்ட்டுல வேல. அம்ம வாறது வர கதவப் பூட்டிட்டு டிவி சத்தமா வச்சிட்டு இருப்பேன். எனக்குப் பயமாக்கும்." கையெழுத்தைப் பார்த்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. கொல்லயிலில் இருந்து வருகிற இரண்டாம் பெஞ்சுப் பிள்ளை, வாயே திறக்காதவள். பாவம் என்று நினைத்தேன். அடுத்த தாளை எடுத்தேன். எல்லாவற்றையும் பழையபடி போட்டுப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை கவுன்சிலர் வகுப்பு முன்னால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தனக்குள் வாசித்தாள். அந்தத் தாளை எடுத்ததும் முன்பெஞ்சுக்காரன் ஒருவன், "மிஸ், அதுல சிவப்பு டிக் கெடக்கு!" என்றான். பெட்டியைத் திறந்த அன்றைக்கு என் கையில் சிவப்புப் பேனா இருந்திருக்கிறது. முப்பது வருஷப் பழக்கம், நிறுத்தி வாசித்த அந்த ஒரு தாளில் கை தானாகப் போட்டிருக்கிறது. பல்லி வால் மாதிரி நீண்டு வளைகிற என் டிக்கைத் தெரியாத பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் ஹாஜர் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பிள்ளைகள் பேர்களுக்குள் எதையோ தேடினேன்.

கவுன்சிலர் அந்தத் தாளை மடித்து வைத்தாள். "இத எழுதின ஆளு எப்ப வேணும்னாலும் எனக்கிட்ட வரலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள். போகும்போது மட்டும், "சாவிய நானே வச்சுக்கிடுறேன் டீச்சர்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவள் எனக்குப் பாடம் சொல்கிறாளா என்று வீடு போகும்வரை மனசுக்குள் அவளைத் திட்டினேன்.

அவளிடம் யாரும் போகவில்லை. அடுத்த இரண்டு வெள்ளியும் பெட்டி காலி. குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். எழுதினது யார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் பெட்டியைத் திறந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தினமும் நாலு மணிக்கு அந்தப் பிள்ளை பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டுவதைப் பார்ப்பேன். இப்போது கதவைப் பூட்டியிருப்பாள் என்று நினைப்பேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வீம்பு, வேறென்ன.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை, பயந்த முகம் உள்ள அட்டையை எடுத்தேன். "பெட்டியத் திறந்தது நானாக்கும். நீங்க என்னப் பத்தி எழுதியிருப்பீங்கன்னு பயந்து போய்த் திறந்தேன். தப்பு எனக்க மேலதான்" என்றேன். முன்பெஞ்சுக்காரன், "உங்களப் பத்தி எழுத எங்களுக்கு அம்புட்டுத் தைரியம் உண்டா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரியம் இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று நினைத்தேன்.

இன்டர்வெல்லில் எல்லாரும் வெளியே ஓடினார்கள். அந்தப் பிள்ளை மட்டும் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"பெட்டியத் திறந்ததுக்குக் கோவமா மக்கா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். "டிக்கக் கண்டப்ப எனக்கு சந்தோசமாட்டு இருந்து டீச்சர். நீங்க வாசிச்சாச்சுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"வாசிச்சிட்டு, பின்ன ஏன் டீச்சர் எனக்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல?"