பிளீச்சிங் டிரம்மும் கோழிப் பவுடரும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே ண போடுவது, எங்கே ன போடுவது என்று இன்னும் எனக்குக் குழப்பம்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், கோழி விஷயத்தைக் கிராமக் கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொன்னார். நாலு பேர் முன்னால் நின்றால் என் பெயரே எனக்கு வாயில் வராது. "அப்படியானால் எழுதியாவது கொடு" என்றார். அவர் வங்காளி. தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முன்னால் நாங்கள் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். கடல் வந்த பிறகு முகாம். அங்கே சின்ன மகளுக்கு வாந்திபேதி வந்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி, டிரம்மில் பிளீச்சிங் பவுடர் போட என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மகள் பிழைத்துக்கொண்டாள். பெரார்கஞ்ச் பக்கம் வீடு கிடைத்து, நான் தென்னந்தோப்பு வேலைக்குப் போய், அந்த மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டாள். டிரம்மில் பவுடர் விழுவது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. எங்கள் வீட்டுக் காப்பியிலும் அந்த வாடை அடிக்கும்.

கோழிகள் பதினான்கு இருந்தன. மனிதர்களிடம் பேச வராத எனக்குக் கோழிகளிடம் நன்றாகவே பேச வரும். காலையில் கூட்டைத் திறந்ததும் தோப்புக் கதை எல்லாம் அதுகளிடம்தான் சொல்வேன். அந்த வருஷம் ஒவ்வொன்றாக வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தது. இறக்கை தொங்கும், கழுத்து உள்ளே போகும், இரண்டு நாளில் முடிந்துவிடும். ஐந்து போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டோடு வந்தவருக்கும் கன்றுக்குட்டியோடு வந்தவருக்கும் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசியில் உள்ளே போனபோது கம்பவுண்டர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்தார். "புரோபயாடிக். குடலுக்கு நல்லது. பானி மே டாலோ, பஸ்."

தண்ணீரில் போடு, அவ்வளவுதான். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எப்போது கேட்க வந்தது?

டிரம்மிலிருந்து மொண்டு கோழிச் சட்டியில் ஊற்றிப் பவுடரைக் கலந்தேன். பத்து நாள் ஆகியும் ஒன்றும் மாறவில்லை. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு மடங்காகப் போட்டேன். மறுபடி போய், மறுபடி எல்லோருக்கும் வழிவிட்டு, இன்னொரு பாக்கெட் வாங்கிவந்தேன். அதற்குள் இன்னும் இரண்டு கோழி போய்விட்டது. பேதி என்றால் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்பது என் மனைவியின் கணக்கு. அவளும் என்னிடம் சொல்லாமல் டிரம்மில் பிளீச்சிங்கை இரண்டு மடங்காக்கியிருந்தாள். குளிக்கும்போது கண் எரிந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் அவள் சொல்லிவிட்டாள். "அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு எங்க அண்ணன் திக்லிபூர்லருந்து வர்றாரு. அதுக்குள்ள தேறினா தேறட்டும். இல்லாட்டி நல்லா இருக்கறதைக் கறி வச்சிட்டு, கூட்டைப் பிரிச்சு அடுப்புல வச்சிருவேன். தினம் ஒண்ணைக் குழி தோண்டிப் புதைக்க என்னால முடியாதுங்க."

மறுநாள் கம்பவுண்டர் பக்கத்து வீட்டு மாடுகளுக்கு ஊசி போட வந்தவர், எங்கள் கோழிச் சட்டியைத் தூக்கி மோந்துபார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அரே, இது என்ன, ஆஸ்பத்திரி கழுவின தண்ணியா?"

"பிளீச்சிங் போட்ட தண்ணி. சுத்தமான தண்ணி" என்று மனைவி இந்தியில் பெருமையாகச் சொன்னாள்.

"என் பவுடரை இதிலேயா கலக்கினீங்க? அதுல இருக்கறது உயிருள்ள கிருமி. நல்ல கிருமி. பிளீச்சிங் பட்டா செத்துப்போகும். இவ்வளவு நாளா புருஷன் போடப் போட பொண்டாட்டி கொன்னுருக்கீங்க."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உசுருள்ள கிருமியா? அதையா என் வீட்டுக்குள்ள வச்சிருந்தீங்க? புள்ளை சாகக் கிடந்தது மறந்துபோச்சா?"

"நல்ல கிருமின்னு சொல்றாரே."

"கிருமியில என்னாங்க நல்லது கெட்டது?"

பிளீச்சிங் போடாத தண்ணீரைக் கோழிக்கென்று தனியாகப் பிடித்துவைக்கலாம் என்றேன். அந்த வாளி வாசலைத் தாண்டினால் தான் அண்ணனோடு திக்லிபூருக்கே போய்விடுவதாகச் சொன்னாள். கம்பவுண்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவினார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சட்டியோடு நின்றேன். ஒன்றும் தெரியாத கோழி ஒன்று என் காலைக் கொத்திக்கொண்டிருந்தது.

தோப்பில் கொப்பரைக்குத் தேங்காய் உடைக்கும்போது தண்ணீரெல்லாம் மண்ணில்தான் போகும். எத்தனையோ வருஷமாக நானே ஊற்றியிருக்கிறேன். அன்று ஒரு போத்தலில் பிடித்துவந்தேன். மறுநாள் விடியற்காலையில், சட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், தவிட்டைத் தேங்காய்த் தண்ணீரில் பிசைந்து பவுடரைத் தூவி வைத்தேன். பாக்கெட் வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. அதை ஒரு டின்னில் போட்டு வேலிக்கு வெளியே பாக்கு மரத்தில் கட்டினேன். தவிடு பிசைந்த பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி, அவளிடம் உள்ளங்கையைக் காட்டிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஐம்பதைத் தொடப்போகிற ஆள் நான்.

தினமும் காலையில் அவள் ஒரு குச்சியோடு போய் எச்சத்தைக் கிளறிப் பார்ப்பாள். ஒரு வாரம் கழித்து, நான் கேட்காமலே, "பிளீச்சிங்கை முகாம்ல சொன்ன அளவுக்குக் குறைச்சிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு கோழியும் சாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். இலையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"என்னா மாப்புள, ஏழு கோழி மேயுது, எனக்குப் பருப்பும் கருவாடுமா?"

நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள்தான் சொன்னாள்: "அதெல்லாம் மருந்து சாப்பிடுற கோழிண்ணே. பேசாம சாப்பிடுங்க."

கோழிகள் தேறியது பவுடரால் இல்லை, தேங்காய்த் தண்ணீரால் என்றுதான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூட்டை அடுப்பில் வைக்கவில்லை, எனக்கு அது போதும். இப்போதும் மழையில் நனைந்துகொண்டு பாக்கு மரத்தடிக்குப் போய் டின்னை அவிழ்க்கிறேன்.

12 ஜூன் 2013, புதன்கிழமை.