சந்தனப் பொட்டு வைத்த ஸ்பெயின்காரர்

பர்மாவில், பபேடான் பேட்டையில் எங்கள் தமிழ்ச் சங்கக் கட்டடத்தின் மாடிக் கூடத்தில், சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. தலைப்பாகை, அங்கவஸ்திரம், முறுக்கிய மீசை. வரிசையின் கடைசியில் மட்டும் கோட்டும் நரைத்த தாடியுமாக ஒருவர் இருக்கிறார். ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் மாலை போட்டுச் சந்தனப் பொட்டு வைக்கும்போது அவருக்கும் வைத்துவிடுவார்கள். வைத்து வைத்து, கண்ணாடியில் அவர் நெற்றிக்கு நேராக ஒரு மஞ்சள் கறை நிலைத்தே போய்விட்டது. அவர் தமிழரல்ல, இந்த ஊர்த் துறைமுகத்தில் ஒருநாளும் கால் வைத்தவரல்ல என்பது இன்றைக்கு என் ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் ஸ்பெயின் நாட்டு மந்திரி.

அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். மிஷன் பள்ளியில் படித்தவர். அலோன் கப்பல்துறையில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. கப்பல்காரர்கள் கழித்துப் போட்டுவிட்டுப் போகும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள்தாம் அவருடைய சர்வகலாசாலை. அப்படி வந்த ஒன்றில் இந்த ஸ்பெயின்காரரின் வாழ்க்கைக் கதையும் முழுப்பக்கப் படமும் இருந்தன. மாமா படத்தை வெட்டிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அம்மா அவரை யாரோ புனிதர் என்று நினைத்துப் பல வருடம் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். மாமா தடுக்கவில்லை. "ஏத்தட்டும், அவருக்கும் வெளிச்சம் வேணுமே" என்பார்.

சாப்பாட்டு நேரமெல்லாம் வீட்டில் ஸ்பெயின்தான். அந்த மனிதர் ராஜாவைத் தாக்கிப் பத்திரிகையில் எழுதி நாடுகடத்தப்பட்டது, அந்நிய ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தது, திரும்பி வந்து மந்திரியாகிப் பிரதம மந்திரியும் ஆனது, தன்னைத் திட்டிய பத்திரிகைகளை மூட மறுத்தது என்று எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். மாமாவுக்கு உயிரான இடம் கதையின் கடைசிதான். தேர்தலில் தோற்றபோது சேனை அவர் பக்கம் இருந்ததாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. தன்னை வென்றவரை வாசல் வரை வந்து கூட்டிப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மறுநாள் சபையின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாராம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமாவின் மொகிங்காவில் மீன்குழம்பு ஆறிப்போயிருக்கும். பர்மாவில் பெரியவர்களை 'ஊ' சேர்த்துத்தானே கூப்பிடுவோம். துறைமுகக் கூலிக்காரர்கள் மாமாவுக்கு 'ஊ ஸ்பெயின்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மந்திரியைப் பத்திரிகை 'லிபரல்' என்றது. மாமா அதைத் தாராளவாதி என்று தமிழாக்கினார். வந்தது வினை. சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்த அன்று, நானும் ஒரு தாராளவாதிதான் என்று மேடையில் பெருமையாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டுப் படியில் ஆட்கள். ஒருவருக்குக் கோயில் தேருக்கு வர்ணம் பூச வேண்டும், இன்னொருவருக்கு மகள் கல்யாணத்துக்கு உதவி வேண்டும். தாராளம் என்றால் தாராளம்தானே! மாமா ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, கீழே தேநீர்க்கடையிலிருந்து தேநீர் வரவழைத்துக் கொடுத்து, கருத்துச் சுதந்திரம் என்றால் என்ன என்று விளக்குவார். விளக்கம் யாருக்கும் ஏறவில்லை. தேநீர் இறங்கியது. தாராளவாதி என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

அவர் தாராளம் உண்மையில் எது என்பதை நான் ஒரு பொதுக்கூட்டத்தில் பார்த்தேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நகரின் இன்னொரு கோடியான தாகேதாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தையல் ஆலையில் வேலை செய்கிறவள், எழுந்து பர்மியத்தில் பேசத் தொடங்கினாள். செயலாளர் குறுக்கிட்டு, இது தமிழ்ச் சங்கம், தமிழில் பேசம்மா என்றார். அவள் முயன்றாள். இரண்டு சொல் வந்தது, மூன்றாவது வரவில்லை. முகம் சிவந்து நின்றாள். அவள் கேட்க வந்தது, தாகேதாவில் தன் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பு வேண்டும் என்பதுதான். தமிழ் வேண்டும் என்று கேட்க அவளிடம் தமிழ் இல்லை.

எந்தப் பாஷை வருகிறதோ அதில் பேசட்டும் என்றார் மாமா. செயலாளர் கெட்டவர் இல்லை. இன்றைக்கு ஒருத்தி, நாளைக்குக் கூடம் முழுக்கப் பர்மியம், பிறகு சங்கம் எதற்கு என்பது அவர் பயம். அந்தப் பயத்தையும் குறை சொல்ல முடியாது. தமிழ் பேசத் தெரியாதவருக்குச் சபையில் பேச்சுரிமை இல்லை என்று அங்கேயே தீர்மானம் கொண்டுவந்தார். தலைவர் நினைத்தால் தீர்மானத்தை ஏற்காமல் கூட்டத்தைக் கலைத்துவிடலாம். கலைத்துவிட வேண்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். மாமா எழுந்தார்.

"கை தூக்கச் சொல்லுங்க. ஆனா இது ஜெயிச்சா இந்த நாற்காலியில நான் உக்காரமாட்டேன். ஒருத்தர் வாயைக் கட்டிப்போட்டுட்டு எனக்குத் தலைமை வேணாம்."

வீட்டுப் படியில் தேநீர் குடித்த கைகள்தாம் முதலில் உயர்ந்தன. மாமா தோற்றார். கைப்பிடி வைத்த அந்தத் தேக்கு நாற்காலியைச் செயலாளர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, இறங்கி வந்து, கடைசி பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவமானமாக இருந்தது, அழுதுவிட்டேன். அம்மா அன்றிலிருந்து ஸ்பெயின்காரருக்கு மெழுகுவத்தி ஏற்றுவதையே நிறுத்திவிட்டாள். எல்லாம் இவரால் வந்ததுதானே என்றாள்.

அத்தோடு முடங்கியிருந்தால் அவர் மாமா இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனார், அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெண் பர்மியத்தில் அவர் காதில் சொல்வாள். மாமா எழுந்து அதைத் தமிழில் சொல்வார். விதி மீறப்படவில்லை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. தலைவர் நாற்காலியிலிருந்த பழைய செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். கேட்டுக் கேட்டு ஒருநாள், தாகேதாவில் வகுப்பைத் தொடங்கிவைக்க அவரே போனார்.

மாமா காலமானபின் அந்தப் பழைய செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கத்தில் மாட்ட மாமாவின் படம் வேண்டும் என்றார். மாமா படமெடுக்க ஒருநாளும் நின்றவரில்லை. பழைய செயலாளர் சுவரை நிமிர்ந்து பார்த்து, இது யார் என்று கேட்டார். "தாராளவாதின்னு தம்பி சொல்லும்" என்றாள் அம்மா. குடும்பத்து மூதாதை, பெரிய கொடையாளி என்று எடுத்துக்கொண்டார் போலும். இரு கையாலும் படத்தை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். நான் வாய் திறக்கவில்லை. மாமா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அந்தத் தீர்மானம் எப்போது ரத்தானது என்று யாருக்கும் நினைவில்லை. பழைய செயலாளரின் பேத்தி முதன்முதல் எழுந்து பர்மியத்தில் பேசியபோது தாத்தா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இன்று அவள்தான் தலைவி. கூட்டங்கள் பாதிக்கு மேல் பர்மியத்தில் நடக்கின்றன. ஆனால் ஆண்டு விழாவில் தமிழ்ப் பாட்டுப் பாடுவது தாகேதா வகுப்புப் பிள்ளைகள். மாமா இல்லாத அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்பேன்.

போன வாரம் படங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதத் தலைவி என்னைக் கூப்பிட்டிருந்தாள். மற்றவர்கள் பெயரெல்லாம் எழுதியாகிவிட்டது. பேனாவைப் பிடித்தபடி கடைசிப் படத்தைக் காட்டினாள்.

"ஆண்ட்டி, இவரு பெரிய தாராளம்னு தாத்தா சொல்லும். சங்கத்துக்கு என்னா குடுத்தாரு?"

சந்தனக் கறைக்குக் கீழே ஸ்பெயின்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலி குடுத்தாரும்மா" என்றேன்.

"எந்த நாற்காலி?" என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நான் கை நீட்டினேன். அவள் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் தேக்குக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.