பூச்சி ஆட்டைக்குச் சேர்த்தி இல்லை

சின்ன வயதில் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். அதை வெளியே காட்டிக்கொள்ள முடியாது, ஏனென்றால் வீட்டில் நான்தான் மூத்தவள். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் ஷிஃப்ட் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் என்று மகாபலிபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குப்பம் ஒன்றை ஒட்டி வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். முன்னால் ரோடு. பின்னால் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் கடல். மத்தியான ஷிஃப்டுக்கு அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அந்த வீட்டில் அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும்தான். சவுக்குத் தோப்பு வேறு சும்மா இருக்காது. காற்றடித்தால் உஸ்ஸென்று யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பயத்தில்தான் நான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தேன். யானையும் சிங்கமும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள்? புலியும் முதலையும்? கரடியும் காட்டெருமையும்? கேட்கிறவர்களுக்கு ஏதோ பொழுதுபோக்கு மாதிரி இருக்கும். எனக்கு அப்படி இல்லை. எல்லாவற்றையும்விட பலமானது எது என்று தெரிந்துவிட்டால் அதை மனசுக்குள் நம் வீட்டு வாசலில் நிறுத்திவிடலாம், மற்றதெல்லாம் கிட்டே வராது. அவ்வளவுதான் என் கணக்கு. இதைத் தங்கையிடம்கூட நான் சொன்னதில்லை.

மகாபலிபுரத்தில் பாறை முழுக்க மிருகங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனால், அந்தப் பெரிய கல் யானைக்கு முன்னால் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். இதுதான், இதை நிறுத்திவிட்டால் போதும் என்று தோன்றும். தங்கை யானையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதே பாறையில் ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் தவம் செய்யும், சுற்றிலும் எலிகள் இருக்கும். அவள் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். "அக்கா, பூனையா எலியா?" என்பாள். பூனைதான், இதிலென்ன சந்தேகம் என்பேன். "எலி நிறைய இருக்கே," என்பாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

வீட்டில் அந்த ஆட்டத்தைச் சவுக்குக் காய்களை வைத்து ஆடுவோம். பெரிய காய் யானை, அதற்கடுத்தது காட்டெருமை, முள்முள்ளாக இருப்பது முதலை. இரண்டு இரண்டாக மோதவிட்டு, தோற்றதை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். தீர்ப்பு சொல்கிறது நான். நான் என்ன நியாயஸ்தலமா என்று யாரும் கேட்கவில்லை, அந்த வீட்டில் கேட்க ஆள் இல்லை. தங்கையை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு சண்டையிலும் நடுவில் புகுந்து, "பூச்சி வந்தா?" என்று கேட்பாள். எறும்பு யானையின் தும்பிக்கைக்குள் போய்விட்டால் யானை செத்துவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யானையா சிங்கமா என்றால் பூச்சி. புலியா முதலையா என்றால் பூச்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் சட்டமே போட்டுவிட்டேன்: பூச்சி ஆட்டைக்குச் சேர்த்தி இல்லை. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்தப் பூச்சி என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் இன்னொரு அர்த்தமும் உண்டு. அதைச் சொன்னால்தான் மேலே சொல்ல முடியும்.

விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று சொல்லக்கூடாது. பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். நிறைய வீடுகளில் இது உண்டு, ஆனால் எங்கள் அம்மா அதில் மகா கண்டிப்பு. பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி, வந்து நிற்கும் என்பாள். ஒருநாள் சாயங்காலம் ஞாபகமில்லாமல், "நல்லபாம்பா கீரியா?" என்று நான் ஆட்டத்தில் கேட்டுவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாயிலேயே ஒன்று போட்டாள். தங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த ஒரு தடவையே போதும்.

அம்மாவுக்கு என்னைவிடப் பயம் என்று இப்போது புரிகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தெரியாத ஊருக்கு வந்து, புருஷன் இல்லாத சாயங்காலங்களில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? வெளியே பளிச்சென்று வெளிச்சம் இருக்கும்போதே சாமி விளக்கை ஏற்றி, கொல்லைக் கதவைச் சாத்தச் சொல்லிவிடுவாள். ரோட்டில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்குள் ராத்திரி ஆரம்பித்திருக்கும்.

அன்றைக்கும் விளக்கு ஏற்றியாகிவிட்டது. நான் கூடத்துத் தரையில் காய்களைப் பரப்பி வைத்திருந்தேன். புலிக்கு ஒரு காய் குறைந்தது. "கொல்லையில ஒண்ணு பொறுக்கிட்டு வாடி, கதவைச் சாத்தறதுக்குள்ள ஓடு," என்று தங்கையை அனுப்பினேன். நான் போகவில்லை. விறகு அடுக்கியிருந்த மூலை எனக்குப் பயம்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். "அக்கா, பூச்சி ஜெயிச்சிடுச்சு," என்றாள்.

நான் தலையைத் தூக்கவில்லை. யானையும் முதலையும் மோதிக்கொண்டிருந்தன. "பூச்சி ஆட்டைக்குச் சேர்த்தி இல்லைன்னு எத்தனை தடவைடி சொல்றது? போ அந்தப் பக்கம்."

போனாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. நான் சாவகாசமாக யானையை ஜெயிக்க வைத்து, முதலையை எடுத்து வெளியே வைத்து, அடுத்து காட்டெருமையை எடுத்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிஷமா, பத்து நிமிஷமா? யாராவது அதை எனக்குச் சொல்லிவிட்டால் தேவலை, இல்லை, சொல்லாமல் இருப்பதே நல்லது.

"காலு எரியுதுக்கா," என்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாதம் உப்பியிருந்தது. சுண்டுவிரலுக்குக் கிட்டே இரண்டு சொட்டு ரத்தம். துடைத்தால் மறுபடி வந்தது.

"என்னடி பூச்சி? எப்படி இருந்துச்சு?"

"சின்னது. சுருண்டுகிட்டு இருந்துச்சு. சர்ரு சர்ருன்னு சத்தம் போட்டுச்சு," என்றாள். கையில் அந்தச் சவுக்குக் காயைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். காலைப் பார்த்தாள். என்னவென்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே கட்டினாள், தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டில் மீன் வண்டி நின்றுகொண்டிருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வரும், கூடைகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகும். டிரைவர் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் பட்டப்பகல். சூரியன் பனைமரத்துக்கு மேலே இருந்தது.

"குழந்தையைப் பூச்சி கடிச்சிடுச்சுங்க. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்," என்றாள் அம்மா.

டிரைவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பூச்சி கடிச்சதுக்கா செங்கல்பட்டு? இன்னாம்மா நீ! வெத்தலைல நாலு மொளகு வச்சி மெல்லக் குடு, சரியாப் பூடும். ஐஸு கரைஞ்சிகினு கீது, நான் மெட்ராஸ் போவணும்."

"இல்லீங்க, இது பெரிய பூச்சி."

"இன்னா, தேளா?"

அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். "நீளமா இருக்குமே..."

"பூரான்தான். ரவ சுண்ணாம்பு தடவு, போ," என்று அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அம்மா வண்டியோடு கூடவே இரண்டடி ஓடினாள். வாய் திறந்து திறந்து மூடியது. "பூச்சிங்க, பூச்சிங்க," என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அவள் விளக்கு வைத்துவிட்டு வந்தவள். அந்தப் பேரைச் சொன்னால் கொல்லையிலிருந்து கிளம்பி வந்து மிச்சத்தையும் முடித்துவிடும் என்று நினைத்தாளா, சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று நினைத்தாளா, கடைசிவரை நான் கேட்கவில்லை. வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. தங்கையின் கால் அம்மாவின் இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடியது.

"பாம்பு!" என்று கத்தினேன். "பாம்பு கடிச்சிடுச்சு! பாம்பு!"

வண்டி குலுங்கி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார், அவர் முகமே மாறிவிட்டது. "அடச் சே! இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வாய்ல கொழுக்கட்டையா வச்சினுகீற? ஏறு, ஏறு, நீயும் ஏறு பாப்பா!"

அம்மா ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

மெட்ராஸுக்குப் போகவேண்டிய வண்டியைத் திருப்பித் திருக்கழுக்குன்றம் ரோட்டில் விரட்டினார். பின்னால் கூடைகள் தடதடவென்று உருண்டன. நான் இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்று தடவை பேரைச் சொல்லியிருக்கிறேன், அது கேட்டிருக்கும், வண்டிக்குக் கீழேயே தொற்றிக்கொண்டு வரும். அழுகையைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. தங்கைக்காகப் பயப்படாமல் எனக்காகப் பயந்தேன் என்பதை எழுதும்போது இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது.

"தூங்க வுடாதீங்க. எதுனா பேச்சு குடு பாப்பா," என்றார் டிரைவர்.

எனக்கு வேறு எந்தப் பேச்சும் தெரியவில்லை. "யானையா சிங்கமா?" என்று கேட்டேன்.

"பூச்சி," என்றாள் தங்கை.

"புலியா முதலையா?"

"பூச்சி." அவள் பல்லோரத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"காட்டெருமையா கரடியா? சொல்லுடி, கண்ணைத் திற, கரடியா?"

உதடு மட்டும் அசைந்தது. அம்மா என் கையைப் பிடித்து நெரித்தாள். "கேளு, கேட்டுக்கிட்டே இரு," என்றாள். எனக்குத் தெரிந்த மிருகமெல்லாம் தீர்ந்துபோய், ஆடு, மாடு, கோழி வரைக்கும் வந்து, அப்புறம் மறுபடி யானையிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன கடித்தது என்று கேட்டபோதும் நான்தான் பதில் சொன்னேன். சின்னது, சுருண்டிருந்தது, சர்ரென்று சத்தம் போட்டது என்றேன். விரியன் ஜாதி என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு ஊசிக்கு ஓடினார். கடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் கேட்டார். அம்மா, "கடிச்ச உடனே கொண்டுவந்துட்டோம்," என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பிழைத்துவிட்டாள். எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். சுண்டுவிரல் கறுத்து மடங்கிப்போயிருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அப்பா கொல்லையில் இருந்த விறகையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார். மீன் வண்டி டிரைவர் ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி, "எப்டிகீது பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தங்கை வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம் அம்மா விளக்கேற்றினாள். எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்தாள். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாம்பு," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். நான் அலறிக்கொண்டு கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

"எந்த நேரமானாலும் சரி, விளக்கு வச்சாலும் சரி, கடிச்சா இந்தப் பேரைத்தான் சொல்லணும். எங்கே, ரெண்டு பேரும் சொல்லுங்க."

நான் சொன்னேன். தங்கை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லுடி கண்ணு. அம்மா அடிக்க மாட்டேன். அன்னிக்குக் கொல்லையிலேருந்தே அந்தப் பேரைச் சொல்லிக் கத்தியிருந்தா உடனே ஓடி வந்திருப்போம்ல?" அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில், ஆட்டத்தில் சந்தேகம் கேட்பாளே, அந்த மாதிரிதான் கேட்டாள்:

"பாம்புன்னு சொல்லியிருந்தா ஆட்டைக்குச் சேர்த்தியாக்கா?"