செங்கோடன் கட்டிய பட்டம்

கோவை கணபதியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் செங்கோடனின் பட்டறைக்கு மட்டும் ஒரு பெயர் இருந்தது: அங்கே போய்வந்த மோட்டார் லேசில் புகையாது. ஆள் பேச்சில்தான் மகா கஞ்சன். வந்தவர் அரை மணி நேரம் பேசினாலும் அவரிடமிருந்து ஒரு "செரிங்க"தான் கிடைக்கும். ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. "ஏனுங்க, பொண்ணே அமையலீங்களா?" என்று துருவுகிறவர்களுக்கும் அதே "செரிங்க"தான். கேட்டவர் குழம்பிப்போய் எழுந்து போவார்.

பெண் அமையாமல் இல்லை. ஒருத்தி அமைந்தாள், தெய்வம்தான் கொடுக்கவில்லை. அன்னூர்ப் பக்கத்து வசந்தாமணிக்கும் அவருக்கும் ஜாதகம் பொருந்தியிருந்தது. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலப் பிரிவில், பிறந்தவர்கள் என்றால் அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். இவர்கள் வேறு வேறு கூட்டம், கட்டிக்கொள்ளும் முறைதான். பெரியவர்கள் கடைசியாகக் கோயிலில் பூக் கேட்கப் போனார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி, சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது. அதோடு பேச்சு முறிந்து, வசந்தாமணியை உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் செங்கோடனுக்கு ஜாதகங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் அவர் ஏதாவது ஒரு நொட்டை கண்டுபிடித்தார். பெற்றவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

வசந்தாமணிக்கும் வாழ்க்கை நிலைக்கவில்லை. மகள் ரித்திகா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவள் மகளோடு சரவணம்பட்டிக்கு வந்து ஒரு வீடு பிடித்தாள். கிரைண்டர் வாங்கிப் போட்டு, இட்லி மாவு ஆட்டி, சுற்றியிருந்த ஹாஸ்டல்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். பகலெல்லாம் ஓடுகிற கிரைண்டரின் மோட்டார் எரிந்து போகாமல் இருக்குமா? விசாரித்துக்கொண்டு கணபதிக்கு வந்தவள், பட்டறைக்குள் செங்கோடனைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் மோட்டாரைக் கீழே வைத்து, "நல்லா இருக்கறீங்களா?" என்றாள். "செரிங்க" என்றார் செங்கோடன். நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டால் அதுவா பதில்? ஆனால் அன்றைக்கு அவர் வாயில் அதுதான் வந்தது.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு எது என்றாலும் செங்கோடன்தான். மோட்டார் மட்டுமா? ரித்திகாவைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது கூடப் போனவர் அவர். வசந்தாமணி டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். வாசல் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். ரித்திகாவுக்கு ஒரு நல்லது நடக்கட்டும். பிறகு வசந்தாமணியிடம் கேட்டுவிடுவது. இந்தக் காலத்தில் யார் வந்து தடுக்கப் போகிறார்கள்?

ரித்திகாவுக்கு நல்லது வந்தது. கூட வேலை பார்க்கிற பவன் என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், தங்கமான பையன். பவனின் அப்பா அழகிரிசாமி, "மொத நாள் சாயங்காலம் உங்க சீரு சடங்கெல்லாம் உங்க மொறப்படி பண்ணிக்கங்க. காத்தால தாலி எங்க மொறையில கட்டிக்கலாமுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். முறுக்கிக்கொண்டது வசந்தாமணியின் ஒரே அண்ணன் நாச்சிமுத்துதான். "சாதி விட்டுச் சாதி குடுக்கறதுன்னா எனக்கும் உனக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல" என்று போனிலேயே வெட்டிவிட்டார். அவருக்குப் பயந்து பங்காளிகளில் ஒருவரும் வருவதாக இல்லை.

தாய்மாமன் இல்லாமல் கொங்கு நாட்டில் ஒரு பெண்ணை மணவறைக்குக் கூட்டி வருவது எப்படி? மாமன்தான் மருமகளின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். பார்க்கப்போனால் அது ஒரு பளபளக்கும் சின்னத் தகடு, இரண்டு பக்கமும் நூல், அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டுகிறவன் சபைக்கு முன்னால் சொல்வது பெரிய விஷயம்: இந்தப் பெண்ணுக்குக் கேட்க ஆள் இருக்கிறது, இவள் அம்மாவுக்குப் பிறந்த வீடு இருக்கிறது. நாளைக்கு அவள் பிள்ளைக்குக் காது குத்தினால் சீர் கொண்டு வருவதும், அந்தத் தாய் கண்ணை மூடினால் பிறந்த வீட்டுக் கோடித் துணி கொண்டு வந்து போர்த்துவதும் அவன்தான்.

வசந்தாமணி பட்டறைக்கு வந்தாள். கையில் மோட்டார் இல்லை.

"மாமன் எடத்துல நீங்க வந்து நிக்கோணுமுங்க" என்றாள். "எம்பொண்ணு ஆளில்லாதவ மாதர மணவறைக்குப் போகக்கூடாதுங்க."

செங்கோடன் கையிலிருந்த செம்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாழாய்ப்போன பழக்கம், "செரிங்க" என்று வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபிறகுதான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. ரித்திகாவுக்கு மாமன் என்றால் வசந்தாமணிக்கு யார்?

சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் பாலுசாமியைத் தேடிப் போனார். ஒரு நாளைக்கு மட்டும் மாமனாக நின்றால் முறை மாறுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு மட்டும் நிக்கறதுக்கு இதென்ன வாடகப் பாத்தரமுங்களா?" என்றார் பாலுசாமி. "பட்டங் கட்டுனா அந்த அம்மணி உங்களுக்குக் கூடப் பொறந்தவதானுங்க. அப்பறம் ஆரு நெனச்சாலும் மாத்த முடியாது. நல்லா ரோசன பண்ணிக்கங்க."

அந்த வாரம் முழுவதும் செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்கலாம்; காய்ச்சல் என்று சொன்னால் போதும். ஆனால் ரித்திகா வெறும் நெற்றியோடு மணவறையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே அவரால் முடியவில்லை. தன் ஆசை பெரிதா, அந்தப் பெண்ணின் மானம் பெரிதா என்று பார்த்தார். கடையில் போய்ப் புது வேட்டி வாங்கினார். வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் பவானி ஜமக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பசுஞ்சாணத்தில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகி வைத்திருந்தது. எந்தச் சீரும் அவரைக் கும்பிட்டுத்தான் தொடங்கும். அறுகு போல் குடும்பம் வேர் விட்டுப் படர வேண்டும் என்பது வேண்டுதல். ரித்திகா மனைப் பலகையில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெற்ற தாய் வசந்தாமணியோ தூணுக்குப் பின்னால் நின்றாள். புருஷன் இல்லாதவள் சீர் நடக்கும் இடத்துக்கு வரக்கூடாதாம். என்ன சாஸ்திரமோ! செங்கோடன் பட்டத்தைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் வாசலில் சலசலப்பு எழுந்தது. சீர்த்தட்டோடு நாச்சிமுத்து உள்ளே வந்தார். ஊரில் நாலு பேர் அவரைக் காறித் துப்பாத குறையாகப் பேசியிருக்கிறார்கள். மனசு கேட்கவில்லையோ, மானம் கேட்கவில்லையோ, வந்துவிட்டார்.

பாலுசாமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "சொந்த மாமனே வந்தாச்சு! ஏனுங்க செங்கோடன், நீங்க வெலகிக்கலாமுங்க. பட்டம் இன்னும் கட்டலீங்களே, மொறையும் மாறல."

அந்த மண்டபத்தில் அந்த நேரத்தில் செங்கோடனைப் போலச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ரித்திகாவுக்கு மாமன் கிடைத்தாயிற்று, அவருடைய ஆசைக்கும் பழுதில்லை. பட்டத்தை நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"வெலகாதீங்க."

வசந்தாமணி தூணை விட்டு வந்துவிட்டாள். மனைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "வந்ததுக்குச் சந்தோசமுங்ணா. ஒக்காருங்க, இருந்து சாப்புட்டுப் போட்டுப் போங்க. பட்டம் இவுரே கட்டட்டும்."

"அம்மணி, மொற மாறிப் போயிருமே" என்றார் பாலுசாமி.

"தெரியுமுங்க."

பிறகு அவள் செங்கோடனிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். மனையில் இருந்த ரித்திகாவுக்கும் அவருக்கும் மட்டும்தான் அது கேட்டது.

"உங்க மனசு எனக்குத் தெரியாம இல்லீங்க. ரொம்ப நாளாவே தெரியும். ஆனா எனக்கு இனி ஒரு புருசன் வேண்டாமுங்க. எனக்கு வேணுங்கறது ஒரு பொறந்த ஊடு. எம்புள்ளைக்கோ எனக்கோ ஒண்ணுன்னா ஓடிப் போயி நிக்கறதுக்கு ஒரு ஊடு. கோவம் வந்தா கதவச் சாத்தறவரு ஊட்ட நம்பி நான் எப்படிங்க இருப்பேன்? நீங்க ஒருநாளும் சாத்த மாட்டீங்க. கட்டுங்ணா."

செங்கோடன் வாய் திறந்து ஒரு நாளும் கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவள் அவரை அண்ணன் ஆக்கியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். சொந்த அண்ணன் பக்கத்திலேயே நிற்கும்போது, வேண்டுமென்றே ஆக்குகிறாள். அது அவர் நெஞ்சை அறுத்தது. அவளிடமிருந்து இதைவிடப் பெரிய மரியாதை தனக்கு வரப்போவதில்லை என்பதும் புரிந்தது. இரண்டும் சேர்ந்தே புரிந்ததால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

ரித்திகா தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் பட்டத்தை நெற்றியில் வைத்து, நூலைப் பின்னால் கொண்டுபோய், முடிச்சுப் போட்டார். இன்னும் ஒரு முறை இழுத்து இறுக்கினார்.

பாலுசாமி சபையைப் பார்த்து நிமிர்ந்து, வழக்கப்படி உரக்கக் கேட்டார்: "பொண்ணுக்குப் பட்டங் கட்டுன மாமன் ஆருங்க?"

பட்டறையில் யாரும் கேட்டிராத குரலில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி பதில் வந்தது.

"நாந்தானுங்க. செங்கோடன். வசந்தாமணி கூடப் பொறந்தவன்."